குடத்தின் கழுத்தில் விழுந்த விரிசல்: பட்டறை நாட்குறிப்பு

2024 நவம்பர் 4, திங்கள், அனுப்பர்பாளையம்

ஆடியில் அவிநாசிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வாங்கிச் சென்ற பித்தளைக் குடம் இன்று திரும்பி வந்தது. கீழே விழவில்லை, எதிலும் இடிபடவில்லை. ஆயினும் கழுத்தில் மூன்று இடங்களில் நெட்டுவாக்கில் விரிசல். மயிரிழை போன்ற அந்தக் கோடுகளின் ஓரத்தில் நீலப்பச்சை படிந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் சிக்கியது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "கட்டுத்தரையிலதானுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்கு" என்றார். அடித்தது என் கை. வேறு குடம் தருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 7, வியாழன்

அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். சுத்தியலின் ஓசை கணீரென்று மாறியதும் உலையில் காய்ச்சி இளக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கையில் மங்கிய சிவப்பு தெரிந்தால் போதும் என்பது அப்பாரு சொல்லித் தந்த கணக்கு. எஃகைப்போல இது தண்ணீரில் நனைத்தால் இறுகுவதில்லை. ஆகவே உடனே நனைத்தாலும் தானாக ஆறவிட்டாலும் மென்மை ஒன்றுதான். சூடு மிஞ்சினால் மட்டும் உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்து, அடுத்த அடியில் மேற்பரப்பு சாத்துக்குடித் தோல்போல் சொரசொரத்துவிடும்.

இவை எல்லாம் சரியாகத்தான் நடந்தன. குறை எங்கே என்பதை, கோவையில் ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் இரவு தொலைபேசியில் விளக்கினார். கடைசியாகக் காய்ச்சிய பிறகும், கழுத்து விறைப்பாக நிற்க வேண்டும் என்று நான் ஒரு சுற்று அடித்திருக்கிறேன். அந்த அடியின் இழுவிசை உலோகத்துக்குள்ளேயே தங்கிவிட, மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து அதைப் பிளந்திருக்கிறது. வெள்ளையர் ஆட்சியில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளும் இப்படித்தான் விரிசல் விட்டனவாம். மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1921இல் காரணத்தை விளக்கினார்கள். அந்தக் கூடும் செம்பு 70, துத்தநாகம் 30 சேர்ந்த பித்தளையே. இன்றும் அதன் கழுத்தை மட்டும் தீயில் காட்டி இளக்குகிறார்கள். அடிப்பகுதி வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அதை இறுக்கமாகவே விடுகிறார்கள். கழுத்துதான் எங்கும் நோகிற இடம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

ஒரே கையடியில் செய்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றை மச்சானின் அடுப்பில் 260 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தோம். நிறம் சற்றே மங்கியது. தட்டினால் அதே கணீர் ஓசை, விறைப்பும் குறையவில்லை. இந்த மிதமான சூடு இழுவிசையைத்தான் தளர்த்துகிறது, பித்தளையை இளக்குவதில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்று மாலை இரண்டையும் மூடியிட்ட டப்பாவில் அம்மோனியா நீருக்கு மேல் தொங்கவிட்டிருந்தேன். காலையில் திறந்தபோது மூக்கு எரிந்தது. சூடு காட்டாத கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு விரிசல்கள். மற்றது கறுத்திருந்ததே தவிரக் கீறல் இல்லை. தோட்டக்காரருக்கான புதுக் குடம் நாளை மச்சானின் அடுப்புக்குப் போகிறது. பாலீஷ் அதற்குப் பிறகுதான்.