படத்தில் இல்லாத அண்ணன்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அகதிகள் பற்றிச் சொல்லும்போது பல வருடம் 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தையும் 2011இல் மூண்ட சிரியப் போரையும் போர்டில் எழுதிப்போட்டதோடு சரி. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள்.

ஒரு வருடம், சிரியாவிலிருந்து தப்பிய குடும்பத்தோடு படகில் போகும்போது கடலில் மூழ்கி இறந்த ஆலன் குர்தியின் படத்தைத் திரையில் போட்டேன். 2015 செப்டம்பர் 2, துருக்கியின் போட்ரம் கடற்கரை. சிவப்புச் சட்டையோடு மணலில் குப்புறக் கிடந்த இரண்டு வயதுக் குழந்தை. நிலுஃபர் டெமிர் என்ற துருக்கியப் பெண் எடுத்த படம். வகுப்பில் சத்தமே இல்லை. ஒரு பையன் எழுந்து வெளியே போய்விட்டான். பாடம் மனசில் ஏறிவிட்டது என்று நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஒரு மாணவி வந்தாள். "டீச்சர், அந்தப் பாப்பா தனியாவா வந்துச்சு?"

இல்லை. அம்மா ரெஹானும் அண்ணன் காலிபும் அதே படகு கவிழ்ந்துதான் இறந்தார்கள். அப்பா மட்டும் தப்பினார். இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அப்போ அண்ணனுக்காக யாரும் அழலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆலனுக்காக உலகமே அழுதது. ஆறே மாதத்தில், 2016 மார்ச்சில், ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு, அகதிகள் வரும் அந்தக் கடல்வழியை அடைக்கப் பார்த்தது.

கண்ணில் படுகிறவர்களுக்காக மட்டும் அழுகிற இந்தக் குறை அதற்கு முன்பே என்னிடமும் இருந்திருக்கிறது. 2014 ஜூலை 5, இராக்கின் திக்ரித்தில் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்ட 46 இந்திய நர்சுகள் கொச்சியில் வந்திறங்கிய நாள். அவர்கள் வீட்டாரைக் கட்டிக்கொண்டு அழுததை டிவியில் பார்த்து எங்கள் ஸ்டாஃப் ரூமே கண்ணைத் துடைத்தது. அதே வருடம் ஜூனில் இராக்கின் மோசுலில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு காட்சி கிடைக்கவில்லை. பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து போனவர்கள். அவர்கள் கொல்லப்பட்டதை 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். அத்தனை வருடம் அந்தக் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. என் வகுப்பில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இப்போதும் அந்தப் படத்தைக் காட்டுகிறேன். அழுகை வந்தால் வரட்டும், அதை அடக்கச் சொல்வதில்லை. அப்புறம் போர்டில் ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்கு வெளியே யார் யார் என்று எழுதச் சொல்கிறேன். அண்ணன், அம்மா, படகுக்குப் பணம் வாங்கியவன், அவர்கள் விட்டுவந்த சிரியாவின் கொபானி ஊர் என்று போர்டு நிறைந்துவிடும். போன வருடம் ஒரு பையன் மேப்பில் ஸ்கேல் வைத்து, துருக்கிக் கரையிலிருந்து அவர்கள் போக நினைத்த கிரேக்கத் தீவான கோஸ் வரைக்கும் அளந்தான். நான்கைந்து கிலோமீட்டர்தான்.

"நம்ம ஸ்கூல்ல இருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட் தூரம், டீச்சர்" என்றான். கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள அந்த செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் அவன் அக்கா தினமும் கோவைக்குக் காலேஜ் போகிறாள்.