நெத்தில மாட்டுற ஹெட்லேம்ப் டார்ச் வாங்கப் போறீங்களா, மூடிய முதல்ல பாருங்க

வெள்ளியங்கிரி மாதிரி ராத்திரில ஏறுற மலைக்கோ, டவரே கிடைக்காத காட்டுக்கோ போறவங்க எல்லாரும் கேக்குறது எத்தன லூமன், அதாவது எவ்வளவு வெளிச்சம்னுதான். என்னைக் கேட்டா அது ரெண்டாவது, தண்ணி தாங்குமான்னுதான் முதல்ல பாக்கணும். டப்பால வாட்டர்ப்ரூஃப்னு பெருசா போட்டிருப்பான், திருப்பிப் பாத்தா ஐபிஎக்ஸ்4னு தண்ணி தாங்குற ரேட்டிங் இருக்கும், அது சாரல் மழைக்குத்தான் தாங்கும், ஐபிஎக்ஸ்7னா 1 மீட்டர் தண்ணில 30 நிமிஷம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது, ஆறு ஓடை கடக்குற ரூட்னா அதுக்குக் கீழ எடுக்காதீங்க.

கடையிலயே சார்ஜிங் போர்ட் மேல இருக்குற ரப்பர் மூடிய நகத்தால நெம்பிப் பாருங்க, லொட லொடன்னு இருந்தா ரேட்டிங்லாம் சும்மா பேச்சு. செல் போடுற மாடல்னா உள்ள ஓ-ரிங் (தண்ணி புகாம அடைக்கிற ரப்பர் வளையம்) இருக்கணும், அதுல ஒரு முடி ஒட்டியிருந்தாக்கூட தண்ணி எறங்கிரும்.

கரண்ட்டே இல்லாத இடத்துல பல நாள் தங்குறீங்கன்னா சார்ஜ் பேட்டரி, ஏஏஏ செல் ரெண்டும் போடுற மாதிரி பாருங்க, பெட்சல் (Petzl) கம்பெனில சில மாடல் அப்படி வருது (விலையப் பாத்து மயங்கிராதீங்க). கடுங்குளிர்ல ஆல்கலைன் சீக்கிரம் படுத்துரும், லித்தியம் தாங்கும். லாக் வசதி கட்டாயம், இல்லன்னா பட்டன் தானா அமுங்கி பைக்குள்ளயே எரிஞ்சு சார்ஜ் தீந்துரும்.

அப்புறம் பனிமூட்டம் எறங்குனா நெத்தில மாட்டாதீங்க, வெளிச்சம் திரும்பி உங்க கண்ணுலயே அடிக்கும், கழட்டி இடுப்புக்கிட்ட புடிச்சீங்கன்னா பாதை ஓரளவு தெரியும்.