1.6 வோல்ற் எங்கே போகிறது?

படகில் விளக்கு மங்கினால் முதல் பழி பற்றறிக்குத்தான். திருகோணமலையில் கொட்பேயிலோ நிலாவெளியிலோ கடற்காற்றில் நிற்கும் படகென்றால், பற்றறியைக் கழற்றுவதற்கு முன் ஒரு மல்ரிமீற்றரை எடுங்கள். கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை, ஓமில் வரும். இரண்டையும் பெருக்கினால் வலு, வாற்றில் வரும். ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: எந்த இரண்டு முனைகளுக்கு இடையில் வோல்ற் அளந்தீர்களோ, அவற்றுக்கு இடையில் உள்ள பகுதியின் தடையும் வலுவும்தான் விடை. எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு 12 என்று போட்டால் பெருக்கல் வகுத்தல் பிழைக்காது, விடைதான் பொய்யாகும்.

12 வோல்ற் 100 வாற் ஹலோஜன் விளக்கு ஒன்றை எடுப்போம். 100 ஐ 12 ஆல் வகுக்க 8.3 அம்பியர், தடை 1.44 ஓம். இது பெட்டியில் எழுதிய கணக்கு. படகில் அளக்கும்போது விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் மின்னோட்டமும் இல்லை, இழப்பும் இல்லை. களிம்பு பிடித்த வயர்கூட 12.6 காட்டி ஏமாற்றும்.

எரியும்போது பற்றறியில் 12.4, விளக்கின் முனையில் 10.8, ஓட்டம் 8 அம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்குக் கிடைப்பது 86 வாற். வழியில் தொலைந்தது 1.6 வோல்ற், அதாவது 0.2 ஓம் தடை, 12.8 வாற் வெறும் சூடு. ஹலோஜனில் வோல்ற் பத்து வீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

இந்த 0.2 ஓம் வயரிலா, மூட்டிலா? 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்கு மீற்றருக்கு 0.0074 ஓம். விளக்கு 9 மீற்றர் தள்ளியிருந்தால் போக வர 18 மீற்றர் (வரும் வயரை மறந்து பாதிக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம்). 0.133 ஓம், 8 அம்பியரில் 1.07 வோல்ற். மிச்சம் 0.53 வோல்ற் மூட்டுகளில் ஒளிந்திருக்கிறது.

அதைப் பிடிக்க ஓம் அளவு உதவாது. மீற்றரின் சொந்த வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும், அதற்குள் 0.05 ஓமை எங்கே தேடுவது? வோல்ற் அளவிலேயே வைத்து, விளக்கு எரியும்போது ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்திலும் ஊசியை வையுங்கள். பியூஸ் பிடியில் 0.05, சுவிட்சில் 0.08, நெகற்றிவ் லக்கில் (வயர் நுனியில் நெரிக்கும் உலோக முனை) 0.40 என்று வந்தால் ஆள் அகப்பட்டான். 0.40 ஐ 8 ஆல் வகுக்க 0.05 ஓம், பெருக்க 3.2 வாற். விரல்நுனி அளவு லக்கில் 3.2 வாற் என்றால் தொட்டாலே சுடும், உறை பழுப்பாகும். ஒழுங்காக நெரித்த லக்கில் இதே ஓட்டத்துக்குச் சில மில்லிவோல்ற்தான் விழும்.

லக்கை வெட்டி உறையைச் சீவினால் உள்ளே செப்பு கறுத்திருக்கும். உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிய அடையாளம் அது. பளபளக்கும் செப்பு வரும்வரை பின்னுக்கு வெட்ட வேண்டும். கறுத்த இழையில் புது லக்கை நெரிப்பது வீண்வேலை. நெரித்த பிறகு உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடுகாட்டுங்கள். வயரையும் 6 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினால் 18 மீற்றருக்கு 0.055 ஓம், வயரின் இழப்பு அரை வோல்ற்றுக்குள் அடங்கும்.

அம்பியர் அளப்பதில் சில பொறிகள். மலிவான கிளாம்ப் மீற்றர்கள் (வயரைக் கவ்வி அளப்பவை) பல வீட்டு மின்சாரத்தை மட்டும்தான் அளக்கும். பற்றறி வயரில் மாட்டினால் பூச்சியம்தான். இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினாலும் பூச்சியம்தான். மல்ரிமீற்றரைத் தொடரில் (வயரைப் பிரித்து நடுவில்) போட்டு அளந்தால், முடிந்ததும் சிவப்பு வயரை 10 அம்பியர் துளையிலிருந்து கழற்றி வோல்ற் துளைக்கு மாற்றுங்கள். மறந்தால் அடுத்த முறை வோல்ற் பார்க்க வைக்கும்போது பற்றறி நேரே ஷோர்ட் ஆகும்.

குளிர்ந்த ஹலோஜனை ஓமில் அளந்து ஓட்டம் கணக்கிடுவதும் பயனில்லை. சூடாகும்போது இழையின் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறும். எல்இடி என்றால் வேறு கதை: உள்ளே டிரைவர் (வலுவை மாறாமல் வைத்திருக்கும் சிறு சுற்று) இருந்தால் வோல்ற் குறையக் குறைய அது கூடுதல் ஓட்டம் இழுக்கும். அங்கே வகுத்து வரும் "தடை"க்கு அர்த்தமில்லை. பெருக்கி வரும் வாற் மட்டும் சரி.

வீட்டுக் கேத்தில் இதற்கெல்லாம் நேர்மையான பொருள். 230 வோல்ற்றில் 2000 வாற் என்றால் 8.7 அம்பியர், 26.4 ஓம். பிளக்கைக் கழற்றி, கேத்தில் சுவிட்சைப் போட்டு, லைவ், நியூற்றல் முனைகளில் அளந்தால் கிட்டத்தட்ட அதே எண் வரும். தடை மாறாததால் வலு வோல்ற்றின் வர்க்கப்படி போகும்: 205 வோல்ற்றுக்கு இறங்கினால் 2000 இல்லை, 1590 வாற்.

கிணற்று மோட்டரில் இதைச் செய்யாதீர்கள். சுருளை அளந்தால் 5 ஓம் காட்டலாம். 230 ஐ வகுத்தால் 46 அம்பியர். ஓடும்போது கிளாம்ப் 5 அம்பியர்தான் காட்டும், ஏனென்றால் மோட்டர் சுழலும்போது சுருளில் தூண்டப்படும் எதிர் வோல்ற் ஓட்டத்தைத் தடுக்கிறது. 230 ஐ 5 ஆல் பெருக்கி 1150 வாற் என்பதும் தவறு, வலுக்காரணி (அந்தப் பெருக்கத்தில் உண்மையான வலுவாகும் பங்கு) 0.8 என்றால் 920 வாற். வலுக்காரணி தெரியாவிட்டால் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி மோட்டரை மட்டும் ஓடவிட்டு, மின் மீற்றரில் சிமிட்டும் சிவப்பு ஒளியைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு 1600 சிமிட்டல் என்று முகப்பில் எழுதியிருந்து, 2.5 செக்கனுக்கு ஒருமுறை சிமிட்டினால், 36 இலட்சத்தை (ஒரு யூனிட்டில் உள்ள வாற்-செக்கன்) 1600 ஆலும் பிறகு 2.5 ஆலும் வகுக்க 900 வாற். ஒற்றைச் சிமிட்டலை நம்பாமல் இருபது சிமிட்டலுக்கு நேரம் எடுத்து இருபதால் வகுத்துக்கொள்ளுங்கள்.