1836 டப்பாவில் 1840 கோபுரம்

ஒரு வெள்ளி மூக்குப்பொடி டப்பாவுக்காக கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோவுக்கு மூன்று தடவை ரயிலேறினேன். வாங்குவதற்கு இல்லை, திருப்பிக் கொடுப்பதற்கு.

வாங்கியது எடின்பரோ ஏல நிறுவனம் ஒன்றின் ஆன்லைன் ஏலத்தில், பத்து நிமிட வேலை. 420 பவுண்டுக்கு முடிந்தது. அதன் மேல் 25 சதவீதம் கமிஷன், கமிஷனுக்கு 20 சதவீதம் வாட் வரி, ஆக 546. கேட்டலாக்கில் ஒரே வரிதான்: ஸ்காட்லாந்து பொடி டப்பா, 1836, மூடியில் ஸ்காட் நினைவுச்சின்னம். எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்காக எடின்பரோவில் எழுப்பிய கோபுரம் அது.

டப்பா கைக்கு வந்ததும் பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள், ஏன் என்று பின்னால் வருகிறது. அப்புறம்தான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். வெள்ளியை எந்த ஊரில் சோதித்தார்கள் என்று சொல்லும் முத்திரை உள்ளே இருக்கும். இதில் நங்கூரம். எடின்பரோ என்றால் மூன்று கோபுரக் கோட்டையும் திஸில் முட்பூவும் இருக்கும். நங்கூரம் என்றால் பர்மிங்காம். அதுகூடப் பரவாயில்லை. நத்தேனியல் மில்ஸ் மாதிரி பர்மிங்காம் வெள்ளி வேலைக்காரர்கள்தான் மூடியில் கட்டடம் செதுக்கிய இந்த வகை டப்பாக்களில் பெரும்பாலானவற்றைச் செய்தார்கள். காட்சிதான் ஸ்காட்லாந்து.

இடித்தது வேறு. செய்த ஆண்டைக் காட்டும் எழுத்து முத்திரை 1836 என்றது. வெள்ளிக்கு வரி கட்டியதைக் காட்டும் முத்திரையிலும் ராஜாவின் தலை, விக்டோரியா இல்லை. ஆனால் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டியதே 1840 ஆகஸ்டில்!

மூடியில் வாயால் ஊதினேன். ஆவி படர்ந்ததும் படத்துக்கு அடியில் பழைய எழுத்துகளின் நிழல். அந்த இடத்தில் மட்டும் தகடு மெலிந்து, கட்டைவிரலுக்கு அமுங்கியது. சுற்றிலும் உள்ள பூவேலை தேய்ந்து மழுங்கியிருக்க, கோபுரம் மட்டும் நகத்தில் இடறுகிற கூர்மையோடு இருந்தது. யாரோ பழைய உரிமையாளரின் பெயரெழுத்துகளைச் சுரண்டிவிட்டு, நல்ல விலை போகிற படத்தைப் பின்னாளில் செதுக்கியிருக்கிறார்கள்.

முதல் பயணம் வீண். வெள்ளிப் பிரிவுக்காரர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவாராம். இரண்டாவது, வியாழக்கிழமை. “பாலிஷ் போட்டிருக்கிறீர்களே, நாங்கள் கொடுத்த நிலையில் இல்லையே” என்றார். போதாக்குறைக்கு, எழுத்தில் நிபுணர் கருத்தும் வேண்டுமாம். இதை முதல் நாளே கவுண்டரில் சொல்லியிருந்தால் என்ன?

பழைய வெள்ளி வியாபாரி ஒருவரிடம் 40 பவுண்டு கொடுத்து எழுதி வாங்கினேன். கூடவே கேட்டலாக் பக்கத்தை அச்செடுத்து, 1836-க்கும் நினைவுச்சின்னத்துக்கும் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை போனேன். “வரைபடத்தைப் பார்த்துச் செதுக்கியிருக்கலாமே?” என்று மேலாளர் ஒரு போடு போட்டார். கோபுரத்தை வடிவமைத்த ஜார்ஜ் கெம்ப்புக்கு அந்த வேலை கிடைத்ததே 1838-இல்தான் என்றேன். அதற்கு மேல் பேச்சில்லை.

420 உடனே வந்தது. கமிஷன் திரும்பாது என்றார்கள். அவர்களுடைய விதிமுறையிலேயே போலிக்கு முழுத் தொகை என்று இருந்த வரியை இரண்டு மின்னஞ்சலில் காட்டிய பிறகு மிச்சம் 126-உம் வந்தது. அந்த 40-உம் ரயில் காசும் போனது போனதுதான்.

ஏலம் கேட்கும் முன்பே மூடி, அடிப்பகுதி இரண்டின் முத்திரைப் படங்களையும் கேளுங்கள். “செதுக்கலும் டப்பாவும் ஒரே காலமா?” என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். போனில் கேட்டால் பிரயோஜனம் இல்லை.

அடுத்த வாரம் வேறொரு ஏலத்தில், ஸ்காட் வாழ்ந்த அபட்ஸ்ஃபோர்ட் மாளிகை போட்ட டப்பா ஒன்று வருகிறது. 1838 என்கிறார்கள்; மாளிகை அதற்கு முன்பே கட்டியது, ஆண்டு இடிக்கவில்லை. முத்திரைப் படம் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.