ஒரு வடிகானைத் திட்டத்தில் ஏற்றப் பட்ட பாடு

எங்கள் வீதி வடிகான் ஒருவழியாக உள்ளூராட்சி சபையின் இந்த வருடத் திட்டத்தில் ஏறிவிட்டது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துச் சின்ன டவுன் எங்களுடையது. தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் மேலே தேயிலை மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வீதியில் புரண்டு நேரே கடைகளுக்குள் வரும். வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் என்பதால் ஃபைல் என் தலையில் விழுந்தது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் எங்கே மாட்டுவார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

மனு எழுதுவதும் கையெழுத்து வாங்குவதும் ஒரு விசயமே இல்லை. அதைச் சபையில் கொடுக்கிற மேசையில்தான் ஆரம்பித்தது. "அந்த ரோட்டு எங்களுக்கு இல்லையே" என்று கிளார்க் படித்துக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்தார். பொதுவாக ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகை மாகாணத்துக்கு. மிச்சம் உள்ளூராட்சி சபைக்கு. எங்கள் வீதி பிரதான வீதியிலிருந்து பிரிந்து மேலே ஏறுவது, அதனால் சபைக்குரியது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் வாயால் சொல்லி என்ன பயன்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டோம்: இந்த வீதி சபையின் பதிவேட்டில் இருக்கிறதா, இல்லையா? அந்தச் சட்டம் 2016இல் வந்தது. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். "இருக்கிறது" என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை என் கையில் தந்தவரும் அதே கிளார்க்தான். முகத்தில் ஒரு அசைவு இல்லை!

அது 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாத காலம். போய்ப் பிடிக்க ஆளில்லை. எல்லாம் சபைச் செயலாளரின் மேசைக்குத்தான் போகும், அங்கேயே கிடக்கும். கடிதம் எதுவானாலும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எங்கள் ஃபைல் ஒருமுறை காணாமல் போனபோது அந்தத் துண்டுகளைக் காட்டித்தான் திரும்ப உயிர் கொடுத்தோம்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் நல்ல வெயில் நாளில் வந்தார். நாடா பிடித்தார், 200 மீற்றர் என்று எழுதினார், ஒரு அடி அகலத்துக்கு மதிப்பீடு போட்டார். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. அவர் கணக்கில் எடுத்தது வீதியில் விழுகிற மழையை மட்டும். மலையிலிருந்து வருகிற தண்ணீர் எங்கே போகும்? சங்கத்து ஒருவரின் மகள் பேராதனையில் பொறியியல் படிக்கிறாள். அவள் தாளில் போட்டுக் காட்டினாள். பரப்பை ஹெக்டேயரிலும் மழையை மணிக்கு மில்லிமீற்றரிலும் எடுத்து, ஓடிவரும் பங்கால் பெருக்கி, 360ஆல் வகுத்தால் வினாடிக்கு இத்தனை கன மீற்றர் என்று வரும். மணிக்கு 100 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொண்டால், 5 மீற்றர் அகல வீதியிலிருந்து, பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும் என்றால், வினாடிக்கு 25 லீற்றர். மேலே இரண்டு ஹெக்டேயர் தேயிலையிலிருந்து, பாதி மண்ணில் ஊறிவிடும் என்றாலும், கிட்டத்தட்ட 280 லீற்றர். பதினொரு மடங்கு!

"ஐயா, மழை நேரத்தில் ஒருதரம் வாங்க" என்று கேட்டேன். "மழையில எப்படி அளக்கிறது தம்பி?" என்று சிரித்தார். விடவில்லை. ஒரு பின்னேரம் கொட்டுகிற மழையில் முச்சக்கரவண்டி அனுப்பிக் கூட்டிவந்தோம். வளைவில் வீதிக்கு அடியால் தண்ணீர் போகிற மதகைப் பார்த்தார். அதன் வாய்க்குக் குறுக்கே ஒரு தண்ணீர்க் குழாய் போகிறது. அந்தக் குழாயில் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கொப்புகள், அவற்றில் ஷாப்பிங் பைகள், அவற்றின் மேல் சேறு. தண்ணீர் மதகைத் திரும்பியும் பார்க்காமல் வீதிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சப்பாத்து நனைந்த மனிதர் அதற்கப்புறம் பேசிய பேச்சே வேறு. புது மதிப்பீட்டில் மதகு பெரிதானது, குழாய் இடம் மாறியது, மண் தங்குவதற்கு ஒரு குழியும் வந்தது.

அடுத்து தோட்டம். தேயிலைக்குள் இருக்கிற கான்களை முன்பு ஒழுங்காக வெட்டித் துப்புரவாக்குவார்கள். இப்போது பாதி மூடிக் கிடக்கின்றன. அவற்றைத் துப்புரவாக்க அனுமதி கேட்டு, தோட்டத்து மனேஜரான துரையிடம் போனது வீண். அவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம் இல்லை. அரசு நிலம், கம்பனிக்கு 53 வருடக் குத்தகை. கடிதம் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். முதலிலேயே அங்கே எழுதி, பிரதியைத் துரைக்குக் கொடுங்கள்.

தண்ணீரைக் கடைசியில் எங்கே விடுவது என்பதை மட்டும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள். எங்கள் முதல் வரைபடத்தில் கான் முடிந்த இடத்துக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் இருந்தது. அந்தச் சரிவில் இவ்வளவு தண்ணீரையும் ஒரே இடத்தில் கொட்டினால் மண் இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்த்த பிறகு, படிக்கட்டு மாதிரி கட்டி இறக்கி, கீழே ஓடும் ஓயா (ஆறு) வரை கொண்டுபோவதாக மாற்றினோம். செலவு கூடியது. சபை வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டது.

ஓயாப் பக்கம் இந்த வருடம், மேல்பக்கம் அடுத்த வருடம். கீழிருந்து தொடங்க வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கியது அது. வரவு செலவுத் திட்டம் டிசம்பரில் நிறைவேறும் என்பதால் மேல்பக்கத்துக்கான கடிதத்தை இப்போதே கொடுத்துவிட்டேன். இனி கானின் மேல் கொங்கிரீட் போட்டுக் கடையை நீட்டிய நம் ஆட்களோடுதான் பேச்சு. அவர்களில் இரண்டு பேர் சங்கத்துக் கமிட்டியில் இருக்கிறார்கள்.