பாசிக்காரி வீட்டு முகம்

ஏப்ரல் 16, பாம்பன் சின்னப்பாலம்

நேத்துல இருந்து மீன்பிடித் தடைக்காலம். 61 நாளு விசைப்படகு எதுவும் போகாது, எங்க தெருப் பொம்பளைங்களும் இந்த சமயத்துல கொஞ்ச நாளு கடல்ல முங்கி கடல்பாசி எடுக்கப் போக மாட்டாங்க, அதனால அம்மா அதிசயமா பகல்ல வீட்ல இருக்கு. வெளிச்சத்துல பாக்குறப்ப தான் தெரியுது, அம்மா முகம் ரெண்டு கலர். முங்குறப்ப போடுற கண்ணாடி மறைக்கிற இடம் மட்டும் வெளுப்பு, மத்ததெல்லாம் கருத்துப் போயி கன்னத்துல மங்கு வேற. ராம்நாட்ல வாங்குன சன்ஸ்கிரீன நீட்டுனேன், எஸ்பிஎஃப் 50, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் போடணும்மான்னேன்.

"கழுத்தளவு தண்ணில கெடக்கேன், மீனுக்கா பூச"ன்னுச்சு.

ஏப்ரல் 20

நான் பண்ண கூத்தையும் எழுதிர்றேன். காலேஜ் கடைசி வருஷம் மெடிக்கல்ல சீட்டு இல்லாம ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன், ரெண்டு வாரத்துல பளபளன்னு ஆயிருச்சு, எல்லாரும் என்னடி போடுறன்னு கேக்குறாளுக, எனக்குத் தலைகால் புரியல. விட்டதும் முகம் பூரா செவந்து, எரிஞ்சு, பொறிப்பொறியா பரு. அதுல ஸ்டீராய்டு இருக்கும்மா, தோலு மெலிஞ்சிருச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. சரியாக மாசக்கணக்காச்சு.

அம்மா அப்ப திட்டவே இல்ல. ஏன்னு இன்னைக்குத் தான் சொல்லுச்சு, கல்யாணத்துக்கு முந்தி அதுவும் ஃபேர் அண்ட் லவ்லி பாக்கெட்ட அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்துச்சாம்! 2020ல அதுக்கு க்ளோ அண்ட் லவ்லின்னு பேர மாத்திட்டாங்க, பொண்ணு பாக்க வர்றவங்க வாயி மட்டும் மாறல.

ஏப்ரல் 28

வெக்கை தாங்கல. முதுகெல்லாம் வேர்க்குரு. அம்மாச்சி நுங்கத் தின்னுட்டு அந்தத் தோல முதுகுல தேச்சு விட்டுச்சு, ஐஸ் வச்ச மாதிரி. முகத்துக்குப் பாசிப்பயறு மாவு போடுடின்னுச்சு, இந்த வீட்ல எதுக்கெடுத்தாலும் பாசி தான்.

சும்மா இருக்காம என் லோஷன் பாட்டில்ல இருக்குறத வாசிச்சுக் காட்டுனேன், நடுவுல கராஜீனன்னு வந்துச்சு. பெப்சி கம்பெனிக்காரன் இங்க வளக்கக் கொண்டாந்தான்ல, நம்ம பெப்சி பாசி, அதுல இருந்து எடுக்குறது தான் அம்மாச்சி, லோஷன் கெட்டியா நிக்கிறதுக்குப் போடுவாங்கன்னேன். கிலோவுக்கு நமக்கு என்ன குடுக்குறான், இந்த பாட்டில் என்ன வெலன்னு கேட்டுச்சு. சொன்னேன். ரொம்ப நேரம் பேசல.

அப்புறம் தானா ஆரம்பிச்சுச்சு. அது காலத்துல முகத்துக்குன்னு எதுவுமே கெடையாதாம். "வெரலும் காலும் தான்டி சோறு போடுது, மூஞ்சிய எவ பாத்தா." பாறையில கையக் கிழிச்சிரும்னு வெரலுக்கு வெரல் துணி சுத்திட்டுப் போகும், திரும்பி வந்ததும் வெட்டுப்பட்ட எடத்துல மஞ்சளும் தேங்காயெண்ணெயும். அந்த வெரல இன்னைக்குத் தான் பக்கத்துல வச்சுப் பாத்தேன், நுனியில ரேகையே தெரியல, ரேஷன் கடை மெஷின் ஏன் எடுக்க மாட்டேங்குதுன்னு இப்பல்ல புரியுது.

மே 5

அம்மாச்சியே கேட்டுச்சு, அந்த வெள்ள மருந்தக் கொண்டான்னு. முகம் பூரா தடவி விட்டேன், ஜிங்க் இருக்குறதால திட்டுத்திட்டா வெள்ள. போன்ல செல்பி எடுத்துக் காட்டுனேன்.

"ஏன்டி, உசுரோட விபூதி அடிச்சு விட்டுட்டியே!"

சிரிச்சுக்கிட்டே உள்ளங்கையால வழிச்சு எடுத்து அப்படியே குதிகால் வெடிப்புல தேச்சுச்சு. நல்லா வழவழன்னு தான் இருக்குன்னு இன்னும் கொஞ்சம் பிதுக்குச்சு. பாத்துக்கிட்டே இருந்த அம்மாவும் காலை நீட்டிருச்சு.

480 ரூவா டியூப். பாதி காலி.