நெல்லிக்காய் பான ஆலை: விரிவாக்க நாட்குறிப்பு

நவம்பர் 3, 2025, திங்கள்

பொருள் ஒன்றுதான்: நெல்லிக்காய்-இஞ்சி பானம், 200 மி.லி. கண்ணாடி பாட்டில். இப்போது கையால் நிரப்பி நாளைக்கு 1,000 பாட்டில் போகிறது. மார்ச்சில் வெயில் ஏறும்போது 8,000 வேண்டும், அதுவும் ஒரே ஷிப்ட்டில்.

கொட்டேஷனில் ஃபில்லரின் (பாட்டில் நிரப்பும் மெஷின்) வேகம் நிமிடத்துக்கு 40 பாட்டில் என்று இருக்கிறது. அதை 480 நிமிடத்தால் பெருக்கினால் 19,200. இது மெஷின் விற்பவரின் கணக்கு. ஆலையின் கணக்கு வேறு. காலையில் பாய்லர் ஏற்றி, லைன் முழுக்க வெந்நீர் ஓட்டிச் சூடாக்க 45 நிமிடம். முதல் பாட்டில் சரியான அளவில், சரியான சூட்டில் வந்து நிற்க 15. லேபிள் ரோல் மாற்றுவது, மூடி சிக்குவது, பாட்டில் உடைந்து கண்ணாடிச் சில்லு பொறுக்குவது என்று 40. சாப்பாட்டுக்கு 30. மாலையில் லைன் கழுவ 75. எல்லாம் போக மிச்சம் 275 நிமிடம். அந்த நேரத்திலும் ஃபில்லர் சொன்ன வேகத்தில் 85 சதவீதம்தான் ஓடும், அதாவது நிமிடத்துக்கு 34. ஆக 9,350 பாட்டில்.

8,000க்கு இது போதும். 60 பாட்டில் ஃபில்லர் வாங்கச் சொல்கிறவர்களுக்கு ஒரே பதில்: சூடாக்குவதும் கழுவுவதும் எடுக்கிற நேரம் வேகமான ஃபில்லர் வந்தாலும் குறையாது.

நவம்பர் 6, வியாழன்

இன்று முழுக்க வெப்பக் கணக்கு. நிமிடத்துக்கு 34 பாட்டில் என்றால் மணிக்கு 408 லிட்டர். பாஸ்சுரைசர் (கிருமி சாகப் பானத்தைச் சூடாக்கும் கருவி) 500 லிட்டருக்கு எடுக்கலாம்.

30 டிகிரியில் வரும் பானத்தை 90க்கு ஏற்ற மணிக்கு 30,000 கிலோ கலோரி. ஒரு கிலோ நீராவி 500 கிலோ கலோரி தரும் என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ நீராவி. இதோடு நிறுத்திவிட்டு 75 கிலோ பாய்லர் போதும் என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு. மாலையில் லைன் கழுவ 300 லிட்டர் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரை 20 நிமிடத்துக்குள் 30லிருந்து 75க்கு ஏற்ற வேண்டும். அதற்கு 13,500 கிலோ கலோரி. மணிக்கணக்கில் பார்த்தால் 81 கிலோ நீராவி. பானத்தைவிட லைனைக் கழுவத்தான் பாய்லர் பெரிதாக வேண்டும்! குழாய் இழப்பு, பாட்டில் சூடாக்குவது எல்லாம் சேர்த்து 150 கிலோ பாய்லர் என்று எழுதியாயிற்று.

பம்பிலும் இதே கதைதான். ஒரு அங்குல எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) குழாயின் உள்விட்டம் சுமார் 22 மி.மீ. மணிக்கு 500 லிட்டர் ஓடும்போது உள்ளே வேகம் நொடிக்கு 0.37 மீட்டர். ஆனால் குழாய்ச் சுவரில் ஒட்டியதை உரித்தெடுக்க நொடிக்கு 1.5 மீட்டராவது வேண்டும், அதாவது மணிக்கு 2,050 லிட்டர். பானம் தள்ளும் பம்பை வைத்தே கழுவினால் காஸ்டிக் சும்மா தடவிக்கொண்டு போகும். மூன்றாம் வாரம் பானத்தில் புளித்த வாடை வரும், எல்லோரும் பழத்தைக் குறை சொல்வார்கள். கழுவுவதற்குத் தனிப் பம்ப், மணிக்கு 3,000 லிட்டர்.

கழுவும் வரிசை: சாதாத் தண்ணீர் 5 நிமிடம், 1.5 சதவீதக் காஸ்டிக், 75 டிகிரி, 20 நிமிடம், தண்ணீர், 0.5 சதவீத நைட்ரிக் அமிலம், 60 டிகிரி, 10 நிமிடம். கடைசியில் பிஎச் தாள் நடுநிலை காட்டும்வரை தண்ணீர். சூட்டைத் தொட்டியில் பார்க்கக் கூடாது, திரும்பி வரும் குழாயில் பார்க்க வேண்டும். தொட்டியில் 75 இருக்கும்போது திரும்புகிற பக்கம் 62தான் இருக்கும். 20 நிமிடக் கடிகாரம் அங்கே 75 வந்த பிறகுதான் தொடங்கும்.

நவம்பர் 10, திங்கள்

500 லிட்டர் தொட்டிக்கு அளவு: நெல்லிச்சாறு 60 கிலோ, தெளிந்த இஞ்சிச்சாறு 5 கிலோ, சர்க்கரை 50 கிலோ, உப்பு 750 கிராம், மீதி ஆர்ஓ தண்ணீர். பிரிக்ஸ் (கரைந்த சர்க்கரையின் அளவு) 11 அருகே, பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 3.2க்கும் 3.5க்கும் நடுவே. சாறு 12 சதவீதம் வருகிறது. இந்த வகைப் பானத்துக்கு எலுமிச்சை தவிர மற்ற பழங்களில் குறைந்தது 10 சதவீதம் என்பது விதி. அளவையில் சிறு பிசகு வந்தாலும் கீழே போகாதபடி 2 சதவீதம் கூடுதல்.

இஞ்சியில் ஒரு சூட்சுமம் உண்டு. அரைத்துப் பிழிந்த சாற்றை நான்கு மணி நேரம் குளிரில் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே நிற்கிற சாற்றை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். அந்த மாவு பாஸ்சுரைசருக்குள் போனால் 70 டிகிரிக்கு மேல் கஞ்சியாகித் தகட்டில் அப்பிக்கொள்ளும். அழுத்தமானி ஏறும், வெளியேறும் சூடு இறங்கும். ஆபரேட்டர் நீராவியைக் கூட்டுவார், அது இன்னும் தடிமனாகக் கருகும்.

நெல்லிக்குப் பகை இரும்பு. அதன் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் சாறு கருத்துவிடும். சாறு தொடும் இடமெல்லாம் எஸ்எஸ் 316. அரைக்கும் இயந்திரத்தின் பிளேடு நட்டு மட்டும் சாதா இரும்பாக இருந்தால் போதும், தொட்டி முழுக்கச் சாம்பல் நிறம். "ஆரோக்கியம்" என்று சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடச் சொல்லும் யோசனையும் இங்கேதான் அடிபடுகிறது. வெல்லத்தில் இரும்பு உண்டு. போடத்தான் வேண்டுமென்றால் 10 லிட்டர் செய்து 37 டிகிரியில் மூன்று வாரம் வைத்து நிறம் பார்த்த பிறகு பேசலாம்.

சூடு: 90 டிகிரி, 30 நொடி. 500 லிட்டர் ஓட்டத்துக்கு 30 நொடி என்றால் 4.2 லிட்டர் கொள்ளும் குழாய், ஒரு அங்குலத்தில் 11 மீட்டர். காற்று தங்காதபடி மீட்டருக்கு 2 செ.மீ. மேல்நோக்கிச் சாய்வு. பம்ப் வேகத்தைக் கூட்டினால் 30 நொடி 22 ஆகிவிடும், ஆகவே வேகத் திருகுக்குச் சீல். குழாய் முடிவில் சூடு அளக்கும் பிடி100 சென்சார். 88க்குக் கீழே போனால் வால்வு தானாகத் திரும்பி, பானம் ஃபில்லருக்குப் போகாமல் ஆறி முதல் தொட்டிக்கே வரவேண்டும். ஒரே பானம் இரண்டு தடவைக்கு மேல் இப்படிச் சுற்றினால் பழுப்பேறும். அதை வடித்துவிடுவதுதான் உத்தமம்.

பாட்டிலில் விழும்போது 85க்குக் குறையக் கூடாது. மூடியதும் மூன்று நிமிடம் படுக்க வைத்தால் மூடியின் உட்புறமும் சூடாகும். பாட்டில் 65 டிகிரிக்குச் சூடேறி வரவேண்டும், ஏனென்றால் கண்ணாடி ஒரே அடியாக 40 டிகிரி வித்தியாசத்துக்கு மேல் தாங்காது. ஆற்றுவதும் அப்படித்தான்: 60, பிறகு 40, பிறகு சாதாத் தண்ணீர். பெட் பாட்டிலுக்கு மாறலாமே என்றால், சாதா பெட் இந்தச் சூட்டில் சுருண்டுவிடும். ஹாட்-ஃபில் பெட் என்று தனியாக இருக்கிறது, விலையும் தனி.

நவம்பர் 12, புதன்

இதே லைனில் இளநீரும் ராகிப் பாலும் போடலாமா என்று கேள்வி. கூடாது. இளநீரின் பிஎச் 5 அருகே. 4.6க்கு மேலே போனால் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் முளைக்க வழி உண்டு, 90 டிகிரி அவற்றை ஒன்றும் செய்யாது. அதற்கு வழி, மூடிய பாட்டிலை அழுத்தத்தில் 121 டிகிரிக்குச் சூடாக்கும் ரிடார்ட், அல்லது சில நொடி மிக அதிகச் சூடு தரும் யூஎச்டி, அல்லது அமிலம் சேர்ப்பது. எல்லாமே வேறு முதலீடு. விற்பனைக்கு அவசரம் என்றால் ரிடார்ட் உள்ள ஆலையில் கூலிக்குச் செய்து வாங்கலாம். தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமில் முன்னோட்டம் பார்த்துக்கொண்டு போனால் பணம் மிச்சமாகும்.

நவம்பர் 17, திங்கள்

வரியும் லேபிளும்.

செப்டம்பர் 22 முதல் பழச்சாறு கலந்த பானத்துக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. அதே பானத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றினால் 40. மார்க்கெட்டிங்கில் இருப்பவர்கள் "ஃபிஸ்" வேண்டும் என்கிறார்கள். 30 ரூபாய் எம்ஆர்பியில் 5 சதவீதம் என்றால் வரி போக 28.57, 40 என்றால் 21.43. பாட்டிலுக்கு 7.14 ரூபாய் காலி, அதற்குப் பிறகுதான் கடைக்காரர், விநியோகஸ்தர் கமிஷன். குமிழி அடுத்த வருடமும் வேண்டாம்.

விற்பனை வரி 5 ஆனாலும் பாட்டிலும் மூடியும் 18ல் வாங்குகிறோம். உள்ளீட்டு வரி மாதாமாதம் தேங்கும். ஆர்எஃப்டி-01 என்கிற ரீஃபண்ட் படிவம் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் கைக்கு வரும்வரை அது முடங்கிய பணம். நடைமுறை மூலதனக் கணக்கில் அதற்கென்று தனியாக ஒரு தொகை.

லேபிளில் "ஹெல்த் ட்ரிங்க்" கிடையாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை; 2024 ஏப்ரலில் ஆன்லைன் தளங்கள் பால், தானிய, மால்ட் பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. வைட்டமின் சி இவ்வளவு என்று எழுதினால் அது கெடு தேதியன்றும் பாட்டிலில் இருக்க வேண்டும். தயாரித்த அன்று எடுத்த லேப் அறிக்கையை நம்பி எண் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. எம்ஆர்பி, பேட்ச், தேதி மூன்றையும் லேபிளில் அச்சடிக்காமல் இங்க்ஜெட் கோடருக்கு விட்டால், விலை மாறும்போது லேபிள் ரோல்கள் குப்பைக்குப் போகாது.

உற்பத்தி அளவு கூடுவதால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் உரிமத்தைத் திருத்த வேண்டும். மெஷின் வந்த பிறகு அல்ல, இப்போதே.

நவம்பர் 24, திங்கள்

சாஃப்ட்வேர் பேச்சு. கணக்குக்கு டேலி இருக்கிறது, அது இருக்கட்டும். ஈஆர்பி (கொள்முதல், உற்பத்தி, இருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) டெமோக்களில் வண்ண வண்ண வரைபடம் காட்டுகிறார்கள். ஆலைக்கு முதலில் வேண்டியது பேட்ச் எண். ஒரு நாள் ஒரு பேட்ச் என்று வைத்தால், சிக்கல் வரும்போது 8,000 பாட்டிலையும் திரும்ப அழைக்க வேண்டும். ஒரு தொட்டி ஒரு பேட்ச் என்றால் 2,400 சொச்சம். இன்றைய முதல் தொட்டி 25328-1: வருடம் 25, வருடத்தின் 328ஆம் நாள், தொட்டி 1.

தொட்டிக்கு ஒரு தாள். எந்த விவசாயியின் எந்த நாள் காய், சர்க்கரை மூட்டையின் லாட், பிரிக்ஸ், பிஎச், 15 நிமிடத்துக்கு ஒருமுறை சூடு, பாட்டில் லாட், மூடி லாட். சர்க்கரைப் பாகு ஒட்டிய கையால் யாரும் ஃபோனில் தட்ட மாட்டார்கள், ஆகவே தளத்தில் காகிதம். ஷிப்ட் முடிந்ததும் ஒருவர் கணினியில் ஏற்றுவார். கடிகார நேரம் எழுதாத தாளை ஏற்றக் கூடாது. எல்லாக் கட்டத்திலும் ஒரே கையெழுத்து, ஒரே மை, சூடு எப்போதும் 90 என்று இருந்தால் அது மாலையில் உட்கார்ந்து நிரப்பிய தாள்.

பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யாமல் எந்த மென்பொருளும் உதவாது. "இஞ்சி", "இஞ்சி புதுசு", "இஞ்சி கி.கி." என்று மூன்று பெயரில் ஒரே சரக்கு இருக்கிறது. நெல்லி வாங்குவது கூடையில், செலவு எழுதுவது கிலோவில். முதலில் இதைச் சரி செய்ய ஒரு வாரம்.

கிடங்கிலிருந்து முதலில் வந்தது முதலில் என்று அனுப்பாமல், முதலில் கெடுவது முதலில் என்று அனுப்பும்படி அமைப்பு. கடையிலிருந்து திரும்பி வந்த பெட்டி நேற்றுத்தான் உள்ளே வந்திருக்கும், ஆனால் அதன் தேதி பழசு. மாதம் ஒருமுறை ஒத்திகை: கடையில் ஒரு பாட்டிலை எடுத்து, அதன் காய் எங்கிருந்து வந்தது, அதே தொட்டிச் சரக்கு எந்தெந்தக் கடையில் இருக்கிறது என்று நான்கு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

கொள்முதல். நாளைக்கு 1,600 லிட்டர், அதில் 12 சதவீதம் 192 கிலோ சாறு. கொட்டை நீக்கிப் பிழிந்தால் காயில் 45 சதவீதம் சாறு என்று வைத்தால் 427 கிலோ காய். காய் வராத நாட்களுக்கு 60 நாள் இருப்பு என்றால் 11.5 டன் சாறு, மைனஸ் 18 டிகிரியில். 20 லிட்டர் கேனில் உறைய வைத்தால் நடுப்பகுதி நாள்கணக்கில் இளகியே கிடந்து பழுப்பேறும். 5 கிலோ தட்டைப் பை, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் தட்டி வைத்து உறைய வைத்த பிறகு அடுக்க வேண்டும்.

பாட்டில் வர 21 நாள் ஆகும். நாளைக்கு 8,000 வீதம் 1,68,000. பாதுகாப்புக்கு ஏழு நாள் 56,000. கையிருப்பு 2,24,000க்கு இறங்கியதும் அடுத்த ஆர்டர். இத்தனை பாட்டிலை வைக்க இடம் இருக்கிறதா என்பதை ஆர்டர் போடும் முன் அளந்து பார்க்க வேண்டும். மழையில் நனைந்த அட்டைக்குள் பாட்டில் பூஞ்சை பிடித்து வரும்.

டிசம்பர் 4, வியாழன்

வண்டி. 24 பாட்டில் பெட்டி சுமார் 9.5 கிலோ. 8,000 பாட்டில் 333 பெட்டி, 3.2 டன். 750 கிலோ ஏற்றும் சின்ன யானை (டாடா ஏஸ்) என்றால் ஐந்து நடை, ஒன்றரை டன் பிக்கப் என்றால் மூன்று. பிக்கப்.

டிசம்பர் 8, திங்கள்

மெஷின் ஆர்டரில் சேர்க்க வேண்டிய நிபந்தனைகள். சோதனை ஓட்டம் அவர்கள் பட்டறையில் தண்ணீரில் இரண்டு மணி நேரம், நம் ஆலையில் உண்மையான பானத்தில் தொடர்ந்து மூன்று ஷிப்ட். தண்ணீரில் அழகாக ஓடும் ஃபில்லர் நெல்லிச்சாற்றில் நுரை தள்ளும்; நுரையோடு மூடிய பாட்டில் ஆறியதும் அளவு குறைந்து நிற்கும். நிரப்பும் குழாய்முனையான நாசில் பாட்டிலின் அடிவரை இறங்கி நிரப்பும் வகையாக இருந்தால் நுரை அடங்கும். 200 மி.லி. அளவை 85 டிகிரியில் பார்த்து அமைத்தால் ஆறிய பிறகு 194க்குக் கிட்ட வந்துவிடும். ஆகவே ஆறிய பாட்டிலை எடை போட்டுத்தான் ஒப்புதல், மணிக்கு பத்துப் பாட்டில்.

பணத்தில் 10 சதவீதம் மூன்றாம் ஷிப்ட் முடிந்த பிறகு. உதிரிகள் இப்போதே பெட்டியோடு வரட்டும்: எல்லா ஜாயிண்டுக்கும் ஈபிடிஎம் ரப்பர் கேஸ்கெட் இரண்டு செட், பம்ப் சீல் ஒன்று, நாசில் ஓ-ரிங் இருபது, பிடி100 ஒன்று, கோடருக்கு மையும் கரைப்பானும் மூன்று மாதத்துக்கு. ஏப்ரலில் ஒரு ஓ-ரிங்குக்காக நாள் முழுக்க லைன் நின்றால் 8,000 பாட்டில் போச்சு.